அப்பா மாமாவான நாள்

ஐந்தாம் வகுப்பு முடிந்ததும், பதுளையில் விடுதியில் தங்கிப் படிக்க எனக்கு இடம் கிடைத்தது. அரசாங்க உபகாரப் பணம் கிடைத்தால் போகலாம். இல்லாவிட்டால் இன்னும் சில வருஷத்தில் அம்மாவோடு தேயிலைக் கொழுந்துக் கூடை தூக்க வேண்டியதுதான். அதற்கான விண்ணப்பத்தை நிரப்ப ஹாலிஎலயிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் அண்ணன், அங்கே ஒரு துணிக்கடையில் வேலை. எங்கள் சொந்தத்தில் பேனா வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

இனம் என்ற இடத்தில் 'இந்தியத் தமிழர்' என்று மளமளவென்று எழுதினார். நாங்கள் யாரும் இந்தியாவைக் கண்டதில்லை என்று சொல்ல அந்தத் தாளில் இடமில்லை. அடுத்தது, தகப்பனின் பிரஜாவுரிமை. பேனா நின்றுவிட்டது. பிரஜையின் பிள்ளைக்குத்தான் பணம். அப்பா எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலேயே பிறந்தவர், ஆனால் எந்த நாட்டுக்கும் பிரஜை இல்லை. மாமாவோ எப்படியோ இந்த நாட்டின் பதிவுப் பிரஜை ஆகியிருந்தார். பிள்ளை குட்டியும் இல்லை.

"தாய்மாமன் பாதித் தகப்பன்தானே மச்சான்," என்றார் மாமா. "பாதிய முழுசா எழுதிப்புடவா?"

அம்மா அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா வெற்றிலையை மென்றுகொண்டேயிருந்தார்.

"எழுதுங்க மச்சான். புள்ள படிக்கட்டும்."

எனக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுக்காமல் விட்டிருந்த சோம்பல் அன்று பெரிய வசதியாகப் போயிற்று.

பதுளையில் அரசாங்கக் கச்சேரி அலுவலகத்துக்கு எங்களை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அதுவரைக்கும் எங்கள் ஒற்றைக் காம்பரா வீட்டில் ஒத்திகைதான். மாமாவை அப்பா என்றும் அப்பாவை மாமா என்றும் சொல்ல வேண்டும். தவறினால் அம்மா அகப்பையைக் காட்டுவார். மலையில் வேலை முடிந்து வந்ததும் அப்பா வாசலில் நின்று, "யாருடீ நான்?" என்பார். "மாமா!" என்பேன். "கெட்டிக்காரி" என்பார். பாண்டி விளையாட்டைவிட எனக்கு இது பிடித்திருந்தது.

"ஒங்களுக்கு அங்க என்னா வேல மச்சான்? காரியம் கெட்டுப்போகும்," என்று மாமா சொல்லிப் பார்த்தார். அப்பா கேட்கவில்லை. வெளுத்த வேட்டியும் குடையுமாகக் கிளம்பிவிட்டார்.

கச்சேரியில் விசாரித்த கிளாக்கர் ஐயா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஒங்க அப்பா யாரும்மா?"

நான் மாமாவின் கையைப் பிடித்தேன்.

"அப்ப இவரு?"

"மாமா." குரல் தடுமாறவே இல்லை.

அவர் என் முகத்தையும் அப்பா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "மூக்கும் முழியும் அப்பிடியே மாமன உரிச்சு வச்சிருக்கே!"

மாமாவுக்கு இருமல் வந்துவிட்டது. அப்பாதான் குனிந்து, "ரத்த சொந்தமுங்க ஐயா, சாடை எங்க போகும்?" என்றார். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். அப்பா சொன்னது பொய்யே இல்லை.

கிளாக்கர் ஐயா பேனாவைக் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்தார். எங்கள் மூவரையும் இன்னொரு முறை பார்த்தார். பிறகு எதுவும் கேட்காமல் முத்திரையைக் குத்தினார்.

திரும்பும்போது மாமா ஹாலிஎலயில் இறங்கிக்கொண்டார். பஸ்ஸில் அப்பாவும் நானும் மட்டும். அப்பா கடலைச் சுருளை என் மடியில் வைத்து, என் காதருகே குனிந்தார்.

"வேல முடிஞ்சிருச்சு. இப்ப அப்பான்னு ஒரு தடவ கூப்புடு புள்ள."

நான் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு ரகசியமாகச் சொன்னேன்: "சும்மா இருங்க மாமா, கண்டக்டருக்குக் கேட்டுறப் போகுது."

அப்பா சிரித்த சிரிப்பில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சிரித்துச் சிரித்துத்தான் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, மிச்சக் கடலையையும் நானே தின்றேன்.