பிளக்ஸில் என் முகம்

இன்னைக்கு திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல இறங்கினதும் எதிர்ல நானே நிக்கிறேன். பத்தடி பிளக்ஸ்ல, எம்பிஏ நுழைவுத் தேர்வுல 96 பெர்சன்டைல் வாங்கின "எங்கள் மாணவி"யா.

பிளக்ஸ் வச்ச கோச்சிங் சென்டர்ல படிச்சப்ப நான் வாங்கினது 61.

"உனக்கு இது வராதும்மா, பேங்க் எக்ஸாம் எழுது"ன்னு அனுப்பி வச்சவர் அங்க இருக்குற சார்தான். அப்புறம் வீட்டுல உக்காந்து, தப்பாப் போட்ட ஒவ்வொரு கணக்கையும் நோட்டுல எழுதி, ஏன் தப்பாச்சுன்னு பக்கத்துலயே குறிச்சு குறிச்சுத்தான் 96க்கு ஏறி வந்தேன்.

பிளக்ஸை எடுக்கச் சொல்லலாம்னு சென்டருக்குள்ள போனேன். பக்கத்து ஊரு எரியோட்டுலேர்ந்து ஒருத்தர் மகளைச் சேர்க்க வந்திருந்தார்.

சார் அசரவே இல்ல. "இந்தா, அந்தப் பிள்ளையே வந்துருச்சு, கேட்டுக்கங்க."

"எப்புடித்தா இம்புட்டு ஏறுச்சு?"ன்னார் அவர்.

"இங்க வாரத நிறுத்துனேங்கய்யா, ஏறிருச்சு."

ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. சிரிச்சுக்கிட்டே அந்த அப்பா அட்மிஷன் பாரத்துல கையெழுத்துப் போட்டார். மக மட்டும் சிரிக்காம என்னையே பார்த்துச்சு.

பிளக்ஸ் அங்கயேதான் இருக்கு. அந்தப் பக்கம் போறவங்க யாராச்சும் என் முகத்துல ஒரு மீசை வரைஞ்சு விடுங்க.