கண் முற்றக் காத்திருந்த பிச்சை

மட்டாஞ்சேரி சந்தையில் நேந்திரங்காய் விற்கும் பிச்சைக்குக் கண்ணில் புரை விழுந்து நாலு வருடமாகிறது. விழுந்த அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார், அவசரக்காரர்தான். ஆனால் சங்கரன்கோவில் பக்கத்தில் அவர் பிறந்த கிராமத்துக்கு வந்த கண் முகாமில், அவருடைய பெரியப்பாவை, "புரை இன்னும் முத்தலை, முத்தினப்புறம் வாரும்" என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். அது நாற்பது வருடத்துக்கு முந்தைய சங்கதி. டாக்டர்கள் எப்போதோ முறையை மாற்றி, முற்றும் முன்பே புரையை எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்தச் செய்திதான் ஊருக்குப் போய்ச் சேரவில்லை. அங்கே பாதிப் பேர் முத்தட்டும், முத்தட்டும் என்று சுவரைத் தடவி நடந்துகொண்டிருந்தார்கள்.

முற்றாத வாழைத்தாரைக் கையால் தொடாத பிச்சைக்கு இது முழு நியாயமாகவே பட்டது. தினமும் காலையில் மனைவி மாயம்மாள் டார்ச் அடித்து அவர் கண்ணைப் பார்ப்பாள். "இன்னும் கொஞ்சந்தான் பாக்கி" என்பாள். சிப்ஸ் கடை ஹரிநாராயணன் இமையை விலக்கிப் பார்த்துவிட்டு, "ஓணம் கழியட்டே சேட்டா" என்று தேதியே குறித்துக் கொடுத்தான்.

இதற்கிடையில் ஒருநாள் கடை முன்னால், பழுத்துப்போன சீப்பிலிருந்து யாரோ பழம் தின்னும் சத்தம். "தின்னு பாத்தே வாங்குங்க சேட்டா" என்றார் பிச்சை. பதில் வராததால் விலையைக் குறைத்தார். அப்புறமும் பதில் இல்லை. மட்டாஞ்சேரித் தெருவெல்லாம் திரிகிற ஆடுகளில் அது ஒன்று.

ஓணம் கழிந்த மூன்றாம் நாள் இடது கண்ணில் குத்துவலி எடுத்தது, வாந்தியும் வந்தது. பிச்சைக்குத் தலைகால் புரியவில்லை.

"ஏட்டி, முத்திருச்சு!" என்று குளித்து, சலவை வேட்டி கட்டி, மாயம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார்.

டாக்டர் அதிதி பாலக்காட்டுத் தமிழ்க்காரி. பார்த்ததும் முகம் மாறியது.

"முத்தறதுக்கு இதென்ன மரத்துல காய்ச்ச பலாச்சக்கையா? ஆரு சொன்னா ஒங்களுக்கு? புரை உள்ளே கசிஞ்சு அழுத்தம் ஏறி நரம்பு போயாச்சு. இடது கண்ணுக்கு இனி பார்வை வராது. வலது கண்ணைக் காப்பாத்தலாம்."

"நாலு வருசமா தினம் டார்ச் அடிச்சுப் பாத்தது இதுக்குத்தானா?" என்றார் பிச்சை.

"தினம் பாத்தது ஆரு?" என்று கேட்டாள் டாக்டர்.

பிச்சை மனைவியைக் காட்டினார். டாக்டர் அவள் கண்ணிலும் விளக்கடித்தாள். இரண்டிலும் புரை. விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்டாள்.

"எந்தக் கையிலம்மா?" என்றாள் மாயம்மாள்.

"ஏட்டி, அப்ப தினமும் எதைப் பாத்துச் சொன்ன?" என்று பிச்சை கத்தினார்.

"உங்க குரலைக் கேட்டுத்தான். சோர்ந்து இருந்தீங்கன்னா கொஞ்சந்தான் பாக்கிம்பேன். எனக்கும் கண்ணு தெரியலன்னு சொல்லிட்டா உங்களை யாரு கூட்டிட்டுப் போவா?"

பிச்சைக்கு இப்போதுதான் இன்னொன்று உறைத்தது. "அப்ப இங்க வரும்போது தோப்பும்படியில ரோட்டைத் தாண்டுனது யாரு கண்ணை வச்சு?"

"நீங்க தைரியமா நடந்தீங்க, நானும் வந்தேன்."

"நீ இழுத்தேன்னுல்ல நான் நடந்தேன்!"

அவள் கையைத் தான் இன்னும் விடவில்லை என்பது அப்போதுதான் பிச்சைக்குத் தெரிந்தது. "டாக்டரம்மா, இவளுக்கு முதல்ல செய்யுங்க" என்றார்.

"உங்களுக்குத்தான் முதல்ல" என்றாள் மாயம்மாள்.

நர்ஸ் சீட்டை எடுத்தாள். "ஆப்பரேஷன் ஆருக்கானாலும் கண்ணு தெரியற ஆள் ஒருத்தர் கூட வேணும். கூட வந்தது ஆரு?"

"நான்தான்" என்றார்கள் இருவரும்.