மெயினை இறக்கிவிட்டுப் போகிறவர்

எங்கள் வீட்டு பிரின்டரைப் போல ஒரு பிடிவாதக்காரனை நான் பார்த்ததில்லை. காலையில் என் லேப்டாப் சொன்னதைக் கேட்கும். மதியம் அதே லேப்டாப்பில் 'ஆஃப்லைன்' என்று வரும். சரி என்று மகள் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டரில் போட்டால் ஒருநாள் அச்சடிக்கும், மறுநாள் அதுவும் கையை விரிக்கும். மூன்றும் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே வைஃபையில்தான் இருந்தன. ஆனாலும் ஒன்றையொன்று அடையாளம் தெரியாததுபோல நின்றன.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பெட்டிகளில் ஒட்டும் லேபிள்களைத் தயாரிப்பது என் வேலை. முன்பு பள்ளிகொண்டாவிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தேன். ஒருநாள் அப்பா ஹைவேயில் லாரிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்ததாக யாரோ சொன்னார்கள். அதன் பிறகு மேனேஜரிடம் கெஞ்சி, வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கினேன். அச்சடித்து வைத்தால் மதியம் கம்பெனி வேன் வந்து எடுத்துப்போகும். இல்லையென்றால் மறுபடி ஆபீஸுக்கு வா என்பார்கள். அப்புறம் அவரை யார் பார்ப்பது?

அப்பாவுக்கு மறதிதான், வயதானால் வராதா என்று, கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிவந்தேன். பெயர்கள் போய்விட்டன, சாப்பிட்டது மறந்துபோனது. ஆனால் என்னை 'பாப்பா' என்று கூப்பிட மறக்கவில்லை. அதை வைத்துத்தான் நாட்களை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

பிரின்டரை அழித்து மறுபடி சேர்த்தேன். டிரைவரை மாற்றினேன். அச்சடிக்காமல் வரிசையில் நின்றவற்றையெல்லாம் ரத்து செய்தேன். பேஜார் தாங்காமல் சென்னையிலிருக்கும் மகளுக்குப் போன் போட்டேன்.

"ரவுட்டர் ஆஃப் ஆயி ஆன் ஆனா பிரின்டரோட அட்ரஸ் மாறிடும்மா. உன் லேப்டாப் பழைய அட்ரஸ்லயே தேடினு இருக்கும். அங்க கரண்ட் ஜாஸ்தி போவுதா?"

"தினம் மத்தியானம் போவுதுடி."

எனக்கு அப்படித்தான் தெரிந்தது. ஃபேன் இன்வெர்ட்டரில் ஓடும். ரவுட்டரும் பிரின்டரும் அதில் இல்லை. கொஞ்ச நேரத்தில் கரண்ட் தானே வந்துவிடும்.

அடுத்த நாள் மதியம் கரண்ட் போனபோது மின்வாரியத்தை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே லைன்தானே என்று வாசலுக்குப் போனேன்.

மெயின் பெட்டியின் முன்னால் அப்பா நின்றிருந்தார். சட்டையைப் பொத்தான் போட்டு, தோளில் துண்டோடு. அவர் வேலை பார்த்தது தோல் பதனிடும் டேனரியில். தரை எப்போதும் ஈரமாகவே இருக்கும். அதனால் ஷிப்ட் முடிந்து கடைசியாகப் போகிறவர் மெயினை இறக்கிவிட்டுத்தான் போகவேண்டும். கடைசி ஆளாக எப்போதும் அவர்தான் நிற்பார். அடுத்த ஷிப்டுக்கு அவரே வந்து ஏற்றுவார். அதைத்தான் இங்கேயும் தினமும் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "இன்னாப்பா பண்ற? என் பொழப்பே போவுது!" என்று கத்திவிட்டேன்.

அவர் மிரண்டு ஓரடி நகர்ந்தார். தெரியாத பெண்ணிடம் பேசுகிற மரியாதையோடு கேட்டார்: "நீ எந்த செக்ஷன்மா?"

"அப்பா, நான்தாம்பா. பாப்பா."

யாரோ பாப்பா என்பவளைத் தேடி எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுகிற பெண்ணை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் துண்டை நீட்டினார்.

ரவுட்டரில் பிரின்டருக்கு மாறாத ஒரு அட்ரஸ் கொடுக்க மகள் சொல்லித்தந்தாள். இப்போது மெயின் எத்தனை தடவை இறங்கி ஏறினாலும் இரண்டு கம்ப்யூட்டரும் அதைக் கண்டுபிடித்துவிடுகின்றன. வேன் காத்திருப்பதில்லை. மேனேஜருக்கும் சந்தோஷம்.

மெயின் பெட்டிக்குப் பூட்டு வாங்கினேன், போட மனசு வரவில்லை. மதியம் ஃபேன் மட்டும் ஓடும்போது எழுந்துபோய் அவர் பக்கத்தில் நிற்கிறேன். திருத்திச் சொல்வதை விட்டுவிட்டேன்.

"எந்த செக்ஷன்மா?"

"பேக்கிங்ணா."

"எல்லாம் போய்ட்டாங்க. நீயும் சீக்கிரம் வூட்டுக்குப் போம்மா. உங்கப்பா தேடினு இருப்பாரு."