இறைச்சி டின்னில் காய்த்த கத்தரிக்காய்

நான் கலியாணம் முடித்து வெள்ளவத்தைக்கு வந்தது சண்டைக் காலத்தில். வரிசை வீடு. பின்பக்கம் முழுக்கச் சீமெந்து போட்ட முற்றம், ஒரு புல்லுக்கும் இடமில்லை. வீட்டில் நாங்கள் மூன்று பேர்: நான், கந்தோரில் கிளாக்காக இருந்த என்ர மனுசன், புருசனை இழந்த அவருடைய தமக்கை. அவவை நான் மச்சாள் என்றுதான் கூப்பிடுவேன்.

கொழும்பில் யப்பான்காரன் குண்டு போட்ட பிறகு அரிசி கூப்பனுக்கு மட்டுந்தான். மரக்கறி சந்தையில் கண்டால்தான் உண்டு. ஒருநாள் இவர், "அக்கா, தை பிறந்ததும் ஊருக்குப் போங்கோ. இஞ்ச மூண்டு பேருக்குச் சாப்பாடு காணாது" என்றார்.

ஊரில் மச்சாளுக்கு இருந்தது கொழுந்தனார் வீட்டின் பின்னறை மட்டும். அங்கே ஒரு நேரச் சாப்பாட்டுக்கும் முகம் பார்த்து நிற்கவேண்டும். எனக்கோ கடைக்காரனிடம் உப்புக் கேட்கவும் நா எழாது. அவ இல்லாமல் வீடு நடத்த எனக்குத் தெரியாது.

"மூண்டு பேருக்கும் கறி நான் தாறன் தம்பி. தந்தால் என்னை அனுப்பாத" என்றா மச்சாள்.

"சீமெந்திலயோ பயிரிடப் போறியள்?" என்று இவர் சிரித்தார்.

எங்கள் தெருவுக்குப் பழைய போத்தல், டின் எடுத்து விற்கிற ஒரு போத்தல்காரன் வருவான். இரத்மலானைப் பட்டாளக் காம்பில் கழிக்கிற பெரிய சாப்பாட்டு டின்களும் அவனிடம் இருக்கும், ஒவ்வொன்றும் வாளியளவு. சேர்த்து வைத்த சிரட்டைகளைக் கொடுத்து மச்சாள் ஆறு டின் வாங்கினா. பிறகும் விடாமல், "அய்யே, தவ எகக்!" என்று சிங்களத்தில் இன்னும் ஒன்றுக்குக் கெஞ்சி ஏழாவதையும் பறித்துக்கொண்டா.

முதல் மழைக்கே அதில் நட்ட கத்தரிக் கன்றுகள் தண்ணீரில் அழுகிப்போயின. டின்னில் ஓட்டை போட இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.  மச்சாள் ஆணியும் அம்மிக்குழவியும் எடுத்து, அடியில் அல்ல, அடிக்குச் சற்று மேலே பக்கத்தில் துளை போட்டா. கொஞ்ச ஈரம் உள்ளே நிற்கட்டுமாம். கீழே தென்னந்தும்பு, மேலே வாய்க்கால் கரை மண்ணும் சாணியும். வெயிலில் தகரம் சுட்டு வேர் வெந்துவிடும் என்று, சுற்றி நனைத்த சாக்குக் கட்டி, டின்னுக்கு ஒன்றாகப் புதுக் கன்று நட்டா. இதெல்லாம் ஒருவரும் அவவுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை.

கத்தரி பெருவிரல் அளவு பிஞ்சு விட்ட நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாக்கு விலகிய இடத்தில் டின்னில் இருந்த எழுத்தை இவர் குனிந்து வாசித்தார். எனக்கும் மச்சாளுக்கும் இங்கிலீசு தெரியாது.

"அக்கா, இது மாட்டிறைச்சி டின்!"

நாங்கள் முட்டையும் தொடாத சைவக்காரர். மச்சாளின் முகம் வெளுத்துவிட்டது.

"இதில காய்ச்சது என்ர சட்டிக்க வரக்கூடாது" என்று சொல்லிவிட்டு இவர் உள்ளே போனார்.

 மச்சாள் கன்றுகளை மண்ணோடு கிளப்பி ஈரச் சாக்கில் வைத்தா. ஏழு டின்னையும் தேங்காய்ப் பொச்சுமட்டை நெருப்பில் சிவக்கச் சுட்டு, மணலால் தேய்த்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, திரும்ப நட்டா. இரண்டு கன்று பட்டுப்போயின. ஐந்து நிமிர்ந்தன.

"சுட்டால் சரியாப் போச்சோ?" என்றார் இவர் ஒருநாள் காலை.

"தம்பி, நீ சந்தையில வாங்கிற கோவா விளையிற தோட்டத்துக்கு எலும்புத் தூள்தானே உரமாப் போடினம். அது எந்த மிருகத்தின்ர எலும்பு எண்டு கேட்டனியோ?"

இவர் குடையை எடுத்துக்கொண்டு கந்தோருக்கு நடந்தார்.

மார்கழிக் கடைசியில் மச்சாள் கத்தரிக்காய்ப் பால்கறி வைத்தா. இவர் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்தார், கறிக்குக் கை நீட்டவில்லை. மச்சாள் அகப்பையோடு நின்றா.  மனுசன் சாப்பிட முதல் நான் ஒருநாளும் சாப்பிட்டதில்லை. அன்றைக்கு அவருக்கு முன்னாலேயே இருந்து, கறியைச் சோற்றில் பிசைந்து ஒரு வாய் வைத்தேன். நிமிர்ந்து பார்க்கப் பயம்.

"என்னப்பா, ருசியோ?" என்றார்.

"ஓம்" என்றேன். 

கோப்பையைத் தமக்கையின் பக்கம் தள்ளினார். இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு, "அக்கா, தைக்கு வெண்டியும் போடுவமோ?" என்றார்.

"போடலாம். ஆனா தண்ணி நீதான் ஊத்தவேணும்" என்றா மச்சாள்.