அராவிய சில்லு

அச்சுவேலிச் சந்தைக்குப் பின்னால் இருந்தது நமசிவாயம் வண்டிச் சக்கரம் பூட்டும் சில்லுக் கொட்டில். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். ஆரையும் எதிர்த்துக் கதையாதவர். அப்படிப்பட்ட மனிதரை நடுச்சந்தியில் நின்று சத்தம்போட வைத்தது, கனகசபாபதி முதலாளியின் பிக்கப்புக்குப் பூட்டிய ஒரு சில்லு.

அது எழுபத்து நாலாம் ஆண்டு. வெளிநாட்டுச் சாமான் வராத காலம். அதனால்தான் வெங்காயத்துக்கு நல்ல விலை. அதனால்தான் வண்டிக்குச் சில்லும் இல்லை. பழைய இரும்புக் கடையில் எந்த வண்டியின் சில்லு கிடந்தாலும் தூக்கி வந்து, ஐந்து போல்ட், ஐந்து துளை, பூட்டும் என்பார்கள். எண்ணிப் பார்த்தால் போதுமா? துளைகள் நிற்கிற வட்டம் வண்டிக்கு வண்டி வேறு. ஐந்து துளையில் ஒன்றுக்கு நேரெதிரே இன்னொன்று கிடையாது; அளவுநாடா பிடித்தாலும் சரியாகச் சொல்லாது.

நமசிவாயம் அதற்கொரு வழி வைத்திருந்தார். பழைய சில்லைக் கழற்றி, நீட்டிக்கொண்டு நிற்கும் போல்ட் முனைகளில் கறுத்தக் கிறீஸ் தடவி, சீமெந்துப் பைக் கடதாசியை அழுத்தி எடுப்பார். ஐந்து பொட்டு விழும். கடதாசியை நிலத்தில் விரித்து, வாங்கப்போகும் சில்லை அதன்மேல் கிடத்தினால், ஒவ்வொரு துளைக்கும் நடுவில் ஒரு பொட்டுத் தெரிய வேண்டும். ஒரு பொட்டு ஒதுங்கினாலும் பூட்டமாட்டார். ஊர் பிக்கப்புகளின் கடதாசியெல்லாம் சொந்தக்காரர் பெயரோடு கொட்டிலின் கம்பியில் தொங்கும்.

முதலாளி கொண்டுவந்த சில்லில் இரண்டு பொட்டுகள் இரும்புக்கு அடியில் பாதி ஒளிந்தன. ஏலாது என்றார் நமசிவாயம். முதலாளி சிரித்துவிட்டு அதை வேறொருவரிடம் கொண்டுபோனார். அந்த ஆள் அரத்தை எடுத்துத் துளைகளை முட்டை வடிவத்துக்கு அராவிப் பூட்டிவிட்டார். முட்டைத் துளையில் நட்டு இறுகி நிற்காது; ஓட ஓடச் சில்லு ஆடித் தளரும். பிறகு கோயிலடியில் ஒரு தேங்காய் உடைத்து, சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்து, எல்லாம் சரியென்று முடித்தார்கள்.

அடுத்த நாள் காலை, கரவெட்டியில் வெங்காயம் கிண்டப் போகும் பன்னிரண்டு பெண்கள் சந்தியில் நின்ற அந்தப் பிக்கப்பின் பின்பெட்டியில் ஏறினார்கள். அராவிய கதை கேள்விப்பட்டு, நமசிவாயம் விபூதி காயாத நெற்றியோடு ஓடிவந்து வண்டிக்கு முன்னால் நின்றார். விலகச் சொன்னார் முதலாளி.

"பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சாச்சு. உமக்கு அவரிலையும் நம்பிக்கை இல்லையோ?"

விடிய எழும்பி அந்தப் பிள்ளையாருக்குப் பூ வைக்காமல் பல்லில் பச்சைத் தண்ணீர் படாத மனிதர் நமசிவாயம்.

"பிள்ளையாரிலை பழியைப் போடாதையுங்கோ. அவரே உங்களுக்குத் துளையை அராவச் சொன்னவர்? உங்கடை வீட்டுப் பொம்பிளையளை உந்தச் சில்லிலை ஏத்துவியளே?"

பின்பெட்டியில் இருந்த சின்னத்தங்கம் எட்டிப் பார்த்து, "நமசிவாயண்ணை, உண்மையா ஆபத்தோ?" என்றாள்.

"ஓம் தங்கச்சி."

"அப்ப இறங்குங்கோடி. நடப்பம்."

ஒவ்வொருத்தியாக இறங்கி, சோற்றுப் பொதியும் உழவாரமுமாக ஐந்து மைல் நடந்தார்கள். ஒரு மணித்தியாலம் கழித்து, முதலாளி வெறும் வண்டியை விரட்டிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனார். வல்லை வெளியில், அந்தப் பெண்களின் கண்ணுக்கு முன்னாலேயே சில்லு கழன்று தெருவோரத் தரவைத் தண்ணீருக்குள் உருண்டது. முதலாளியின் நெற்றி கிழிந்தது, உயிர் தப்பியது.

ஊர் என்ன சொன்னது? பிள்ளையார் காப்பாற்றினார் என்றது. முதலாளி பெரிய அபிஷேகம் செய்தார். நமசிவாயமும் போய்க் கும்பிட்டார். ஆனால் பன்னிரண்டு பெண்களிடம் ஒரு மன்னிப்புக்கூடக் கேட்காத வாய், ஐயர் காதில் விழத் தேவாரம் பாடியதைக் கேட்டு அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அர்ச்சனைத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார்.

பத்து நாள் கழித்து, நெற்றிக் கட்டோடு முதலாளி இன்னொரு சில்லைக் கொட்டில் வாசலில் இறக்கினார். ஐந்து துளைதான் என்று தொடங்கினார். நமசிவாயம் கம்பியிலிருந்து அவருடைய கடதாசியை உருவி நீட்டினார்.

"நீங்களே வைச்சுப் பாருங்கோ."

முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினார். கடதாசியை விரித்துச் சில்லைக் கிடத்தினார். ஒவ்வொரு துளையாகக் குனிந்து பார்த்தார். நாலாவது பொட்டைக் காணவில்லை. எழும்பி, சில்லைத் தூக்கிக்கொண்டு இரும்புக் கடைப் பக்கம் திரும்பினார்.

நமசிவாயம் வாசலுக்கு வந்தார்.

"முதலாளி, போற வழியிலை சின்னத்தங்கம் வீடு இருக்கு. அங்கை ஒருக்கால் நிண்டு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போங்கோ."