உள்ளங்கையில் எரிந்த கற்பூரம்

வாவிக்கரையோரம் உள்ள எங்கள் ஊர்க் கோயிலின் இளைஞர் மன்றம் கட்டுப்பாடானது என்று நம்பித்தான் பதினான்கு வயது மகளைச் சேர்த்தேன். உறுப்பினர்கள் வெள்ளிக்கிழமைகளில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் சாப்பிடக்கூடாது. போன மாதம் அவள் உள்ளங்கை கொப்புளித்து வீடு வந்தாள். வெள்ளியன்று தோழி வீட்டில் இறால் தின்றாள் என்று யாரோ சொல்ல, மன்றத்தார் எரியும் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்களாம்.

"நான் தின்னல்லம்மா. உண்மை சொன்னாச் சுடாதெண்டாங்க. சுட்டிட்டே! அப்ப நான் சொன்னது பொய்யா?" என்று அழுதாள்.

நான் அவள் கையைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றினேன்.

"நெருப்பு ஆரையும் சுடும், புள்ள."

அவள் நம்பவில்லை. புண் ஆறிய பிறகும், "நான் தின்னல்லதானேம்மா?" என்று என்னிடமே கேட்கிறாள்.

இப்போது இளையவளைச் சேர்க்கச் சொல்லி எந்த மன்றத்தார் வந்தாலும் விதிகளை விசாரிப்பதோடு நான் நிறுத்துவதில்லை. "மீறினதெண்டு சந்தேகம் வந்தா புள்ளைய என்ன செய்வீங்க?" என்றும் கேட்கிறேன்.