விட்டில் பிடித்த வெங்கடலட்சுமி

வடவள்ளியில் வெங்கடலட்சுமி வீட்டுத் தோட்டத்தில் ராத்திரியானால் ஊதா வெளிச்சம் எரியும். பக்கத்து வீட்டு ராமாமணி முதலில் ஏதோ பூஜை என்றுதான் நினைத்தாள். கேட்டபோது வந்த பதில் அதைவிட மோசமாக இருந்தது.

"விட்டில் பூச்சி பிடிக்கிறேனுங்க."

தொலைபேசி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவளுக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது குளியலறையில். சுவரில் ஒட்டியிருந்த காய்ந்த இலையைத் துடைக்கப் போனாள்; இலை எழுந்து பறந்தது. அதன் பெயர் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. "பூச்சிக்குப் பேரு பூச்சிதான்" என்றார் கணவர் அரங்கசாமி. அந்தப் பதில் அவளுக்குப் பொறுக்கவில்லை.

ஒரு பெயின்ட் வாளி, அதன் வாயில் புனல், மேலே ஊதா டியூப் லைட், உள்ளே பூச்சிகள் ஒண்டிக்கொள்ள முட்டை அட்டைகள். வெளிச்சத்துக்கு வருபவை புனலில் வழுக்கி உள்ளே விழும். காலையில் ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, பெயர் கண்டுபிடித்து, செடிக்குள் விட்டுவிடுவாள். பெயர் தெரியாத பூச்சி வந்த நாளில் அவளுக்குச் சோறு இறங்காது. அரங்கசாமிக்குச் சோறே இருக்காது.

மகன் வம்சிக்குச் சம்பந்தம் பேச, பெருந்துறையிலிருந்து நரசிம்மலு குடும்பம் வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. வாளியை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று அப்பாவும் மகனும் அவளிடம் சத்தியம் வாங்கினார்கள். தோட்டத்தில் வைப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. முந்தின நாளோ அமாவாசை. அந்த இருட்டில்தான் பூச்சி கொட்டும்.

விருந்தாளிகள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். தோட்டத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த வெங்கடலட்சுமி வாளியைத் துண்டால் மூடிவிட்டு எழுந்தாள். உள்ளே ஏதோ கீச்சிட்டது.

"என்னங்க அம்மணி, கோழிக்குஞ்சா?" என்று நரசிம்மலு ஆசையாகத் துண்டைத் தூக்கினார்.

கையகலப் பூச்சி ஒன்று படபடத்து வந்து அவருடைய வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்தது. அதன் முதுகில் அச்சு அசலாக ஒரு மண்டையோடு.

"அம்மோ!" என்று உறைந்துபோனார். அவர் மனைவி கண்ணை மூடி வெங்கடாசலபதியைக் கூப்பிட்டார்.

"அசையாதீங்க!" என்று கத்தினாள் வெங்கடலட்சுமி. "எத்தன வருசமா இதுக்குக் காத்துக்கிட்டிருக்கேன்! வெளிச்சத்துப் பக்கம் கொஞ்சம் திரும்புங்க."

வருங்காலச் சம்பந்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். காப்பித் தட்டோடு வாசற்படியில் நின்ற அரங்கசாமிக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

"கடிக்குமுங்களா?" என்றார் நரசிம்மலு.

"கடிக்கத் தெரியாதுங்க. தேன்கூட்டுல பூந்து தேன் திருடும். தொட்டா இப்படிக் கத்தும். அவ்வளவுதானுங்க."

நரசிம்மலு மெல்லக் குனிந்து பார்த்தார். "எங்க பெரியப்பா மூஞ்சி மாதிரியே இருக்குதுங்க" என்றார். பூச்சி கீச்சிட்டது. அவரும் பதிலுக்குக் கீச்சிட்டார்.

அதன்பின் உள்ளே வந்து உட்காரவே அவருக்கு மனமில்லை. கல்யாணப் பேச்சைப் பெண்கள்தான் பேசினார்கள்.

சில நாள் கழித்து போன் வந்தது. அரங்கசாமி தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தார்.

"ஜாதகம் ஒத்துவரலீங்க" என்றார் நரசிம்மலு. அரங்கசாமி ஆறுதல் சொல்ல வாயெடுப்பதற்குள், "அதை விடுங்க. அந்த ஊதா லைட்டு காந்திபுரத்துல எந்தக் கடையில கெடைக்கும்? அம்மணிகிட்டக் கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

வம்சிக்கு வேறு இடத்தில் பெண் பார்க்கிறார்கள். நரசிம்மலு தினமும் காலையில் பெருந்துறையிலிருந்து படம் அனுப்புகிறார். போன வாரம் ஒன்று வந்தது: "இதுவரைக்கும் யாருமே பார்க்காத புது ரகமுங்க!"

வெங்கடலட்சுமி பெரிதாக்கிப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை, ஆனாலும் பெயர் விஷயத்தில் பொய் சொல்ல அவளால் முடியாது.

"அண்ணா, அது கரப்பானுங்க."